நூற்று எழுபத்து மூன்று

"பெயிண்ட எடுத்துரலாம்க்கா, கீழ நம்பர் அப்படியேதான் இருக்கும், நான்..."

"எந்தக் கீழ? விடியக்காலையிலேருந்து பிளேடு வச்சு சொரண்டிட்டுத்தான் வரேன். நீ எனக்குக் கீழ மேலன்னு..."

"மெல்லப் பேசுங்கக்கா. பக்கத்து ரூம்ல சார் இருக்காங்க."

"கூப்புடு அவரையும். வந்து கேக்கட்டும்."

இன்பராணி கூப்பிடவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அந்தக் காலேஜ் அறையில் புரொஜெக்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்தது வேலம்மாளின் வீடு. அவள் வீடுதான். மூன்று செங்கல் முட்டுக்கொடுத்த வாசற்படி, கோணல் கதவு, தகரக் கூரையின் மேல் கிடக்கும் சைக்கிள் டயர். நீலச் சுவரில் மஞ்சள் ஒரு ஓரமாக நுழைந்தது, ஊர்ந்தது, கதவை விழுங்கியது. மஞ்சளைச் சிவப்பு விழுங்கியது. வீடு மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கியது. பார்க்கிறவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை நிறத்துக்கு நடுவே ஒரு ஆள் இல்லை, ஒரு குடம் இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. எல்லாவற்றையும் இன்பராணி அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தாள்.

போன மாதம் டில்லி ஜங்புராவில் சாக்கடை ஓடும் நாலாக்கரைக்கு இந்தப் பெண் வந்தபோது, தமிழ் பேசுகிற பிள்ளை என்று வேலம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள். அம்மா நர்ஸாம், சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸாம். கட்டடம் கட்டப் படிக்கிறாளாம். ஒரு சாண் பெயிண்ட் அடிப்பாள், ஓடிப்போய் ஒரு படம் எடுப்பாள், மறுபடி ஒரு சாண். பன்னிரண்டு நாள் இப்படி. ஏசியாட் விளையாட்டுக்காகக் கட்டுகிற பாலத்தில் கலவை சுமந்து வந்த கையோடு வேலம்மாளும் பிரஷ் பிடித்தாள். சிரிப்பும் விளையாட்டுமாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: கதவோரம் சர்க்கார் ஆள் எழுதிப்போன நம்பர் மேல் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. அந்த நம்பர் இருந்தால்தான் குடிசையை இடிக்கும்போது வேறு இடத்தில் மனை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் சுற்றி உள்ளங்கை அகலம் விட்டுத்தான் வேலம்மாள் சுண்ணாம்பு அடிப்பாள்.

கடைசி நாள், அவள் வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில் நம்பர் மறைந்தது.

"சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"தலைய ஆட்டுனியா இல்லியா? அச்சாக்கா, சரிக்கான்னு?"

"லேகின்... ஆனா அது ஃப்ரேம்ல உறுத்திச்சுக்கா. கண்ணு அங்கயே போகுது. கலர் தெரியல, மத்லப்... அப்புறம் கிளீன் பண்ணிக்கலாம்னு..."

வேலம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் உதறினாள். நகம் நகமாய்ப் பெயிண்ட் செதில்கள். ஓரத்தைப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், நீலம், அதற்கும் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு, சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு கறுப்பாய் ஒரு சுழி. நூற்று எழுபத்து மூன்றில் அந்த மூன்றின் வால்.

"இந்தா. கிளீனா வந்துடுச்சு. சொவத்துல இப்ப மண்ணுதான் கீது."

இன்பராணி அந்தச் சுழியைத் தொட்டாள். விரலில் பொடிந்தது.

"மொதப் படத்துல இருக்கும்ல? மஞ்சள் அடிக்கறதுக்கு முந்தி? அதக் காட்டு. அதையாவது கொண்டுபோய் அந்தச் சர்க்கார் ஆள் மூஞ்சில காட்டறன்."

இன்பராணி விரலைத் துடைத்துக்கொண்டாள். "கதவோரத்தக் கடைசி நாள்தான் எடுத்தேன்க்கா, கேமரா வைக்கறதுக்கு முன்னாடியே அது மேல நீலம் அடிச்சிட்டேன்."

அடித்துவிடுவோமோ என்று வேலம்மாளுக்கே பயமாக இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நானே எழுதித் தரேன்க்கா. அதே சைஸ், அதே எழுத்து. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"தெரியாது! கீழ அவன் கையெழுத்து போட்டிருந்தானே, அதையும் போடுவியா? போன வாரம் எங்க நாலாக்கரை அய்யாசாமி நம்பரத் தானா எழுதிக்கிட்டான்னு லிஸ்ட்லேருந்து அவன் பேரையே அடிச்சுட்டாங்க. நாங்க எழுதுனா களவாணித்தனம். நாங்க வாயால சொன்னாப் பொய். நீ சொன்னாப் பொய்யில்ல. இங்கிலீஷ்ல சொல்லுவ, இந்தில சொல்லுவ. காலேஜ் பொண்ணு சொன்னா எழுதிக்குவான். நாளைக்குப் பத்து மணிக்குச் சரிபாக்க வரான். நீ வந்து நில்லு. நாந்தான் அழிச்சேன்னு சொல்லு."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"நாளைக்குப் பத்து மணிக்குதான் எனக்கு ஜூரி, மார்க் போடறவங்க. வெளியிலேருந்து வராங்க. இந்தப் படத்தைத்தான்..." அவள் சுவரைக் காட்டினாள். "மதியானம் ஓடி வந்துடறேன்க்கா. சத்தியமா."

"மதியானம் அவன் எங்க இருப்பான்? அடுத்த நாலாவுல இருப்பான்."

படச்சுருள் முடிந்து வாலடித்தது. இன்பராணி பழக்கத்தில் கையை நீட்டி அதைச் சுற்றி மறுபடி முதலிலிருந்து விட்டாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாளோ என்னவோ. வேலம்மாள் மூன்றடி நடந்து வெளிச்சத்துக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் வீட்டின் நீலம் அவள் நெற்றியில் விழுந்தது. சிமெண்ட் படிந்த ரவிக்கைமேல் கதவு கோணலாய் நின்றது. மஞ்சள் தோளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. கண் கூசியது; அவள் மூடவில்லை.

"ஓடவுடு, நல்லா பாரு. பாத்துட்டுச் சொல்லு பாப்பா, நாளைக்கு நீ எந்தச் சொவத்து முன்னால நிக்கப் போற?"