மூன்று சொந்தக்காரர் தேவைப்படும் கார்

கார் வாங்கப் போகிறவர்களுக்கு வண்டியை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவது என் தொழில். எல்லாம் விலை உயர்ந்த வண்டிகள். செடான் என்றால் பின் சீட்டில் தூங்கிப் பார்த்துவிட்டு எழுதுவேன். ஒரு தடவை ஒரு கறுப்பு செடான் வந்தது. உள்ளே துளி சத்தம் கேட்காது என்றார்கள். உண்மைதான். போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்த என் மனைவி திரும்பி, "யாரு வாயாடி?" என்று கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை. மனசுக்குள் நினைத்ததோடு சரி. அவ்வளவு நிசப்தம். குடும்பஸ்தர்கள் யோசித்து வாங்கவும் என்று எழுதினேன். அந்த வண்டியின் விற்பனை படுத்துவிட்டது.

ஆனால் என் உயிர் ஸ்போர்ட்ஸ் கார்தான். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

எங்கள் பத்திரிகை ஆசிரியை போன் செய்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் இனிமே தாடிகிட்ட கொடுத்துடலாமான்னு பாக்கறேன். நீங்க செடான் மட்டும் எழுதுங்களேன்."

தாடி என்பவன் புதிதாகச் சேர்ந்த நிருபர். வண்டி எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது என்பதைத் தவிர வேறொன்றும் எழுதமாட்டான். எந்நேரமும் கையில் ஸ்டாப்வாட்ச்.

"ஏம்மா, எனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல சார். வயசுதான் கூடுதல்."

கெஞ்சினேன், மிரட்டினேன், இருமிக்கூடக் காட்டினேன். கடைசியில் இறங்கி வந்தாள். "சரி, நாளைக்குக் காலைல ஒரு சிவப்பு வண்டி உங்க வீட்டுக்கு வரும். சாயங்காலம் போட்டோகிராபரோட நான் வரேன். நீங்க அந்த வண்டி பக்கத்துல கம்பீரமா நிக்கணும். படத்தைப் பாத்து வாசகர்கள் 'யாருப்பா இந்த இளைஞர்'னு கேக்கணும். அப்படி அமைஞ்சா ஸ்போர்ட்ஸ் கார் உங்களுக்கே. இல்லேன்னா தாடிக்கு."

நிற்பதுதானே? நின்றுவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் வண்டி வந்தது. அதன் உயரத்தை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுப் பூனை அதைக் குனிந்து பார்த்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் அது பொய். விழுந்தேன். விழுந்த இடம் சரியாக சீட்டாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறேன், அதிகம் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் என் காதுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஊரைச் சுற்றிவிட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கப் பார்த்தேன். இறங்கவில்லை. அதாவது நான் முயன்றேன், முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த சீட் ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சித்தப்பா மாதிரி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

மனைவி வாசலுக்கு வந்தாள். "காபி ஆறுது, உள்ள வாங்க."

"இங்கயே கொண்டு வாயேன்."

"ஓஹோ! ரெண்டு கதவு வண்டி வந்ததும் வீட்டுக் கதவு கண்ணுக்குத் தெரியலையா? இறங்கினா குறைஞ்சு போயிடுவீங்களோ?"

'இந்த வயசுல இது தேவையா' என்று காலையில்தான் கேட்டிருந்தாள். அவளிடம் போய் உண்மையைச் சொல்வதா? ஜன்னல் வழியே காபியை வாங்கிக் குடித்துவிட்டு, ஏதோ அவசரம் போல வண்டியைக் கிளப்பினேன்.

அன்று முழுக்க வண்டிக்குள்ளேதான் என் வாழ்க்கை. படத்துக்கு முடி வெட்ட வேண்டியிருந்தது. முடிதிருத்துகிறவர் கடை வாசலுக்கு வந்து ஜன்னல் வழியே ஒரு பக்கம் வெட்டினார். வண்டியைத் திருப்பி நிறுத்தினேன், மறு பக்கம் வெட்டினார். பேங்க் மேனேஜர் தெருவுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு சலாம் போட்டார். எதிர்வீட்டுக்காரர் மட்டும், "நேத்துவரைக்கும் நல்ல மனுஷன். இன்னிக்குத் தரையில கால் படமாட்டேங்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

சாயங்காலம் நெருங்கியது. அப்போதுதான் சம்பந்தி ஞாபகம் வந்தது. என் மகளின் மாமனார். தொழில், முழங்கால் டாக்டர்.

அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். சம்பந்தியம்மாள் வந்தாள். "வாங்க வாங்க, உள்ள வாங்க."

"இருக்கட்டும், இங்கயே இருக்கேன். டாக்டரை வரச்சொல்லுங்க."

அந்த அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று. "பொண்ணு குடுத்த வீட்டு வாசலுக்கு வந்துட்டு இறங்கமாட்டேன்னா எப்படி? எங்க மேல என்ன குத்தம் கண்டீங்க?"

டாக்டர் ஓடி வந்தார். அவர் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு? இருங்க, பாக்கறேன்" என்று மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் விழுந்தார். என் முட்டியைத் தட்டினார், மடக்கினார், நீட்டினார்.

"முட்டி முத்து மாதிரி இருக்கு சம்பந்தி. நீங்க இறங்கற முறைதான் தப்பு. நான் இறங்கிக் காட்டறேன், நல்லா பாத்துக்குங்க."

பார்த்தேன்.

"இது சும்மா. இப்ப பாருங்க."

பார்த்தேன்.

டாக்டர் கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "சம்பந்தி, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றார்.

போனோம். முதல் திருப்பத்தில் டாக்டர் "ஐயோ" என்றார். இரண்டாவது திருப்பத்தில் "ஐய்யா!" என்றார். அதற்கப்புறம் அவர் சிரித்த சிரிப்பை அவருடைய நோயாளிகள் கேட்டிருந்தால் வேறு டாக்டரைத் தேடியிருப்பார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் ஆசிரியையும் போட்டோகிராபரும் தயாராக நின்றார்கள். கூடவே தாடி. எங்கள் பின்னாலேயே ஒரு செடான் வந்து நின்றது. டாக்டரைக் காணவில்லை என்று சம்பந்தியம்மாளும் என் மகளும் மாப்பிள்ளையும் தேடி வந்திருந்தார்கள்.

"சார், சீக்கிரம் இறங்குங்க. வெளிச்சம் போயிடும்."

"உக்காந்தபடியே எடுங்களேன்."

"நிக்கணும்னுதானே பேச்சு?"

தாடி வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையை நீட்டினான். நான் பிடிவாதமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குனிந்து என்னைப் பார்த்தாள். காலையில் குடித்த காபி டம்ளர் இன்னும் என் மடியிலேயே இருந்தது.

"அட கடவுளே! இவர் இறங்கமாட்டேங்கறார்னு நெனச்சேன். இவரால முடியல!"

உண்மை தெருவுக்கு வந்துவிட்டது, நான் வராவிட்டாலும். அதைக் கேட்டதும் சம்பந்தியம்மாளின் கோபம் பறந்துபோயிற்று. "முன்னாடியே சொல்லக்கூடாதா!" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மனைவி ஒரு கை, மகள் ஒரு கை, உள்ளேயிருந்து டாக்டர் முதுகில் ஒரு தள்ளு. தாடியும் கைகொடுக்க வந்தான், சொந்தம் இல்லை என்று தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். நான் வெளியே வந்தேன். அப்புறம் மாப்பிள்ளை, சம்பந்தியம்மாள், நான் மூவரும் சேர்ந்து டாக்டரை எடுத்தோம். போட்டோகிராபர் எல்லாவற்றையும் எடுத்தார். கம்பீரமாக நிற்கும் படம் மட்டும் ஒன்றுகூட அமையவில்லை.

தோற்றது தோற்றாயிற்று, உள்ளதை எழுதுவோம் என்று எழுதினேன். 'ஓட்டம் அபாரம். ஏறுவதற்கு யாரும் தேவையில்லை. இறங்குவதற்கு மூன்று சொந்தக்காரர்.' கூடவே மனைவியும் மகளும் என்னைப் பிடுங்கி எடுக்கும் படம்.

இதழ் வந்ததும் ஆசிரியையின் போன் ஓயவில்லை. வேகம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையாம். "எனக்கு ஒரு மகனும் மருமகளும்தான், சமாளிக்க முடியுமா?" என்று ஒருவர். "மச்சினர்களையும் கணக்கில சேத்துக்கலாமா?" என்று இன்னொருவர்.

"சார், இப்பதான் எனக்குப் புரியுது" என்றாள். "இந்த விலைக்கு வண்டி வாங்கறவங்க எல்லாருக்கும் உங்க வயசு. தாடி வயசுக்காரங்க போஸ்டர்தான் வாங்கறாங்க."

ஸ்போர்ட்ஸ் கார் எனக்கே நிலைத்தது. இப்போதெல்லாம் என் விமரிசனத்தின் கடைசி வரி எத்தனை சொந்தக்காரர் என்பதுதான். வாசகர்கள் முதலில் படிப்பதும் அதைத்தான். செடான் தாடிக்குப் போயிற்று. பின் சீட்டில் படுத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறான். எத்தனை நொடியில் தூக்கம் வருகிறது என்று ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே படுத்தால் எப்படி வரும்?

டாக்டர் அந்தச் சிவப்பு வண்டியையே வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு சுற்று போய்விட்டு வந்து ஹாரன் அடிப்பார். நாங்கள் எல்லோரும் போய் அவரை எடுப்போம், பிறகு அங்கேயே சாப்பாடு. இரண்டு குடும்பமும் இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை.

போன மாசம் அதே வண்டியின் புது மாடல் வந்தது, சீட்டை ஒரு சாண் உயர்த்தி. நான் ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்தி, யார் உதவியும் இல்லாமல் இறங்கிக் காட்டினேன். டாக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சம்பந்தி இது? இதை வாங்கினா, ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க யார் வருவா?"