கந்தப்பன் போய்ப் பார்த்தார்

சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் லேத்தில் கடைந்து தருகிற சின்னப் பட்டறை கந்தப்பனுடையது. சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷம் முழுக்க, மகள் ரித்திகாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற வழியில், கிறுக்குப் பிடித்தவர் மாதிரி ஒரே சாலையில் போவதும் வருவதுமாக இருந்தார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் திடீரென்று அவர் சட்டையைப் பிடிப்பாள்.

"அப்பா, என் பை பட்டு யாரோ உழுந்துட்டாங்கப்பா. வண்டியத் திருப்புங்கப்பா."

அவர் திருப்புவார். அங்கே யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். கரும்புச்சாறு விற்கிறவர் அவர் பாட்டுக்குக் கரும்பு பிழிந்துகொண்டிருப்பார். "பாரு கண்ணு, ஒண்ணுமில்ல" என்பார் கந்தப்பன். அவள் முகம் தெளியும். அடுத்த சிக்னல் வருவதற்குள் மறுபடியும் சட்டையைப் பிடிப்பாள். "சாக்கடைக்குள்ள உழுந்திருந்தா நமக்குத் தெரியாதில்லீங்கப்பா?"

பிளஸ் டூ படிக்கிற பெண், வகுப்பில் கெட்டிக்காரி. அவள் அம்மா சாந்தாமணி இதைக் கண்ணேறு என்று முடிவு கட்டித் தேங்காய் சுற்றி உடைத்தாள். சொந்தக்காரர்கள், படித்துப் படித்துச் சூடு ஏறிவிட்டது, தலைக்கு எண்ணெய் வைத்து ஊற்றுங்கள் என்றார்கள். ஊற்றினார்கள். சூடு இறங்கியதா தெரியவில்லை, சளி மட்டும் நன்றாகப் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் ஒரு பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களின் மனநலம் பற்றிப் பேசுகிற டெய்சி என்கிற ஆலோசகர் வந்திருந்தார். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத கூட்டம் என்று தெரிந்ததும் பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"சில பிள்ளைங்களுக்கு வேண்டாத நெனப்பு ஒண்ணு வந்து ஒட்டிக்குமுங்க. அதுல அர்த்தமில்லைன்னு அவங்களுக்கே தெரியும். ஆனாலும் போய்ச் சரிபாத்தாத்தான் மூச்சு விட முடியும். ஓ.சி.டி.ன்னு பேரு. இது கிறுக்கு இல்லீங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கந்தப்பன் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். தன் வண்டியில் கூடவே வந்தவர் மாதிரி பேசுகிறாரே இந்தப் பெண்!

டாக்டர், மாத்திரை, சனிக்கிழமைகளில் டெய்சியோடு பயிற்சி என்று எல்லாம் தொடங்கியது. அதில் கந்தப்பனுக்கும் ஒரு வேலை கொடுத்தார் டெய்சி.

"அண்ணா, நீங்க வண்டியத் திருப்பக் கூடாதுங்க. 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லவும் கூடாது. நீங்க சொல்ற ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'யும் அந்தப் பயத்துக்குப் போடற தீனி. 'தெரியல கண்ணு, நான் கூட இருக்கேன்'னு மட்டும் சொல்லுங்க. அவளும் இதுக்கு ஒத்துக்கிட்டிருக்கா."

மகள் அழுதால் அப்பன் ஆறுதல் சொல்லக் கூடாதாம். இப்படியொரு அநியாயத்தைக் கந்தப்பன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். அவள் பின்னால் விம்மிக்கொண்டே வர, இவர் முன்னால் கண் கலங்கியபடி ஓட்டிய நாட்கள் உண்டு. மார்கழி போய்த் தை வந்தது. சில நாட்களில் அவள் எதுவும் கேட்காமலே வீடு வந்து சேர்ந்தாள். ஒரு சாயங்காலம் வாசலில் இறங்கி, "இன்னைக்கு நான் ஜெயிச்சுப்போட்டேங்கப்பா" என்று சிரித்தாள். சாந்தாமணி அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பொதுத்தேர்வு வந்தது. தமிழும் இங்கிலீஷும் நல்லபடியாக முடிந்தன. கணக்குப் பரீட்சையன்று, எதற்கு வம்பு என்று பையைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு, பேனாவும் ஹால் டிக்கெட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டினதும் சட்டையில் அவள் பிடி இறுகியது.

"அப்பா, என் முட்டி பட்டுதுங்கப்பா. சைக்கிள்ல ஒருத்தரு. சத்தம் கேட்டுது."

பை இல்லாவிட்டால் முட்டி. அந்த நோய்க்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடுகிறது.

"தெரியல கண்ணு. நான் கூட இருக்கேன்."

"திருப்புங்கப்பா, கும்பிட்டுக் கேக்கறேன். அவரு செத்துக் கெடந்தா நான் எப்படிங்கப்பா எழுதுவேன்?"

திருப்பினால் நேரமாகிவிடும், பரீட்சை மையத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். கந்தப்பன் திருப்பவில்லை. அவள் அவர் முதுகில் குத்தினாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு சொல் மரியாதை குறையாமல் பேசுகிற பிள்ளை, நடுரோட்டில் முதுகில் குத்தினாள். மையத்து வாசலில் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மற்ற பெற்றோர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட் ஆப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கந்தப்பனால் உட்கார முடியவில்லை. நிஜமாகவே யாராவது விழுந்திருந்தால்? எனக்கே ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்ததே? சே, என்ன இது என்று தலையை உதறினார். உதறிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டீக்கடையில் கேட்டார். "ஏனுங்க, காத்தால இங்க சைக்கிள்ல யாராச்சும் உழுந்தாங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

கந்தப்பனுக்கு உயிர் வந்தது. உடனே டெய்சிக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார். "நானே பாத்துப்போட்டேங்க மேடம். யாரும் உழுகலீங்க. அவ வெளிய வந்ததும் சொல்லிறட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா. அவ கேட்டாலும் சொல்லாதீங்க."

"உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா மேடம்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்லீங்கண்ணா. அதனாலதான் என்னால இப்படிச் சொல்ல முடியுதோ என்னவோ. ஆனா சொல்லாதீங்க."

சரிங்க என்று போனை வைத்தார். சொல்லக் கூடாது என்று தனக்குள்ளேயே பலமுறை சொல்லிக்கொண்டார்.

மணி அடித்து, எல்லாரும் வந்த பிறகு கடைசியில் வந்தாள் ரித்திகா. முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு பெரிய கணக்கு விட்டுட்டேங்கப்பா. அந்த சைக்கிள்காரரே கண்ணுக்குள்ள நின்னாரு."

"பரவால்ல சாமி. ஏறு."

ஏறினாள். சட்டையைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தார். கண்ணை இறுக மூடியிருந்தாள், உதடு நடுங்கியது.

"நான் கேக்க மாட்டேங்கப்பா" என்றாள். "கேக்கணும்னு உசுரே போகுது. ஆனா கேக்க மாட்டேன். மேடம் சொன்ன மாதிரி இருந்து பாக்கறேன்."

எந்த அப்பனுக்கும் நெஞ்சு நிமிர வேண்டிய இடம் அது. குழந்தை தன்னந்தனியாக அந்தப் பேயோடு மல்லுக்கட்டுகிறாள், விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கந்தப்பன் பார்த்தது நடுங்கிய உதட்டை மட்டும்தான். அவளை ஒரு நொடியில் நிம்மதியாக்குகிற சொல் தன் வாய்க்குள் இருக்கும்போது எப்படி மென்று முழுங்குவது? வண்டியை ஓரம் கட்டினார்.

"கண்ணு, நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். டீக்கடைல கேட்டுட்டேன். யாருக்கும் ஒண்ணுமில்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். "போனீங்களா?" முகம் விடிந்த மாதிரி ஆனது. கந்தப்பனும் சிரித்துவிட்டார். அப்பாடா என்று வண்டியைக் கிளப்பப் போனார்.

"அப்போ உங்களுக்கும் சந்தேகம் வந்துருச்சுங்களாப்பா?"

கந்தப்பன் வாயைத் திறந்தார். இல்லை என்றால் அப்புறம் எதற்குப் போனீர்கள் என்பாள். ஆமாம் என்றால் எல்லாம் போச்சு. எத்தனை மாதப் பாடு!

"நீங்களே போய்ப் பாக்கற அளவுக்கு இருந்துதுன்னா, நெஜமாவே பட்டிருக்குதுங்கப்பா" என்றாள் ரித்திகா. குரலில் அழுகைகூட இல்லை. வண்டியை விட்டு இறங்கி, வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மணி, நில்லு. நில்லு சாமி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் நிற்கவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு அவள் பின்னால் ஓடினார். அவள் சாலையின் இடது ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கந்தப்பனுக்கு உறைத்தது, வலது ஓரத்தைத் தான் பார்த்துக்கொண்டு வருவது.