டார்லீன் வீட்டு முற்றத்தில் மட்டும் வரும் பழுது

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் அமெரிக்காவின் வடக்கே எங்கள் ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரியின் காற்றை வைத்து ஒரு தொடக்கம் எழுதினேன்; அடித்துவிட்டேன். காற்று ஒரு பாவமும் செய்யவில்லை.

என் கணவர் ரெய்னோ கல்லியோ வண்டிகளின் மின்கோளாறு பார்ப்பவர். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஒரு சுவிட்ச் உண்டு; அந்த ஃபோர் வீல் விழாத வண்டி எங்கள் பக்கத்துப் பனியில் வாசலைத் தாண்டாது. அவர் மீட்டரோடு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். "போடு" என்றால் சுவிட்சைத் திருப்ப இருக்கையில் ஓர் ஆள் வேண்டும். கல்யாணமானதிலிருந்து அந்த ஆள் நான். (அவர் முகத்தைவிட அவருடைய பூட்ஸைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெருமையாகவே சொல்கிறேன்.)

2

டார்லீன் அழகான, சிரித்த முகமுள்ள...

[இந்த வாக்கியம் இத்தோடு போதும்.]

டார்லீன் கணவனை இழந்தவள். அவளுடைய டிரக்கில் ஃபோர் வீல் விழவில்லை. எங்கள் பட்டறைக்கு வந்தால் ஒழுங்காக விழுகிறது. அவள் முற்றத்துக்குப் போனதும் மறுபடி மக்கர்.

"ஃபியூஸ், சுவிட்ச், மோட்டார் எல்லாம் நல்லாருக்கு. ஒயர்லதான் எங்கயோ. பட்டறைச் சூட்டுல தெரியாது, அங்க போய்க் குளிர்ல பாக்கணும்" என்றார் ரெய்னோ.

"அங்க சுவிட்ச் போடறது யாரு?"

"அவதான். சொன்ன உடனே போடறா. உன்ன மாதிரி எந்தப் பக்கம்னு கேக்கறதில்ல."

3

எழுதுகிறவளாக எனக்கு இங்கே ஒரு சங்கடம். டிரக்கில் பழுதே இல்லை என்று எழுதினால் டார்லீன் பொய்க்காரி ஆவாள். இனிக்கும்தான். ஆனால் பழுதில்லாத வண்டிக்கு அடியில் நாள்கணக்கில் படுத்துக் கிடந்த என் வீட்டு ஆள் என்ன ஆவார்? கல்லியோ வீட்டார் வேலையில்லாமல் அடுத்தவர் முற்றத்தில் நின்றதில்லை.

ஆகவே, குடும்ப மானத்துக்காக ஒரு ஒயரை நானே அரிக்க வைக்கிறேன். சாலை உப்பு உறைக்குள் புகுந்து செம்பு பச்சையாகிவிட்டது. மிச்சம் ஓர் இழை. குளிரில் சுருங்கி விடுபடும், சூட்டில் ஒட்டிக்கொள்ளும்.

எழுதியாயிற்று. அவள் உத்தமியாகிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4

நேற்று நானே போனேன். (கதையில் நேற்று. உண்மையில் எப்போது என்பது உங்களுக்கு எதற்கு?)

டிரக்குக்கு அடியில் பூட்ஸ். இருக்கையில் டார்லீன்.

"ஐலி அக்கா! வாங்க, காப்பி சூடா இருக்கு."

"இறங்கு."

"ஐயோ, இப்ப போடச் சொல்லுவாரு..."

"எனக்குப் போடத் தெரியும். இறங்கும்மா."

இறங்கினாள். ஏறி உட்கார்ந்தேன். இருக்கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"போடு!"

திருப்பினேன். சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்த ஃபோர் வீல் விளக்கு எரியவில்லை.

"ஒயர ஆட்டறேன். இப்பப் போடு!"

காலுக்கடியில் 'டொக்' என்று உதைத்து ஃபோர் வீல் விழுந்தது. விளக்கு எரிந்தது.

"புடிச்சாச்சு! கெட்டிக்காரி! உன்ன மாதிரி ஒரு ஆள் எனக்கு வாச்சதே இல்ல!"

டார்லீனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

5

வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று நான் எழுதவில்லை. ஓடாமல் இருந்திருந்தால் எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். ஓடியிருந்தால் விழுந்திருக்காது; இருக்கையில் ஆள் மாறியதே அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்படி எழுதினாலும் சரி, நான் இறங்குவதாக இல்லை.