கிரானைட் போட்ட லிஃப்ட்

முன்னாள் மனைவிக்கு மறுபடி கல்யாணம் ஆன செய்தி வந்த அன்று, லிஃப்ட் பழுதுபார்க்கும் நம் லிஃப்ட்காரருக்கு அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். மாப்பிள்ளை டைல்ஸ் கடை முதலாளி. ஊரில் பாதிக் குளியலறைகள் அவர் புண்ணியத்தில் பளபளப்பவை. லிஃப்ட்காரரின் மகள் அம்மாவோடுதான் வளர்ந்தாள். அவள் செலவுக்கென்று நீதிமன்றம் விதித்த தொகை மாதம் தவறாமல் அவர் சம்பளத்தைப் பெரிதாகக் கடித்துக்கொண்டு போகும். மிச்சத்தில் அவர் ஒற்றை அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அங்கே வருவாள்.

"மாப்ளே, உனக்கு விடுதலை!" என்றார் ஸ்டோர் கீப்பர். வழக்குமேல் வழக்குப் போட்டு எல்லாவற்றிலும் தோற்றவர் என்பதால் அவருக்குச் சட்டப்புலி என்று பெயர். "அவங்க வீட்டுல பணம் கொட்டிக் கெடக்கு. இனிமே நீ எதுக்கு அழணும்? ஒரு மனு போடு, மொத்தமா நிறுத்திடலாம்."

லிஃப்ட்காரர் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் சட்டப்புலி மனுவையே எழுதி முடித்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. போடாமலிருக்க ஏதோ ஒரு காரணம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அது என்னவென்று வாயில் வருவதற்குள் போட்ட கையெழுத்தின் மை காய்ந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு புகார் வந்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் தளத்தோடு சேர்ந்து நிற்காமல் நாலு விரல் கீழே இறங்கி நிற்கிறதாம். கட்டடம் டைல்ஸ்காரருடையது. மேல்மாடியில்தான் மகள் இருந்தாள். ஊரில் எத்தனையோ லிஃப்ட் இருக்க, இதுவும் அவர் பராமரிப்புப் பட்டியலில்தான் வெகுகாலமாக இருந்தது.

கதவைத் திறந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே தரை முழுக்கக் கனமான கறுப்பு கிரானைட். குனிந்தால் முகம் தெரிந்தது. அவர் அதை அதிக நேரம் பார்க்கவில்லை.

"எப்படி சார்? கடையிலயே ஒசந்த சரக்கு!" டைல்ஸ்காரர் பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். யாருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு சுற்று கூடுதலாகவே கொடுப்பவர். "நீங்க மனு போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாப்பா செலவு பூரா நானே பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா இருங்க."

"தரைய யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"ஏன் சார், நம்ம லிஃப்ட்தானே?"

லிஃப்டில் பெட்டி ஒரு பக்கம் தொங்கினால், அதற்கு ஈடாக மறுபக்கம் இரும்புக் கட்டைகள் தொங்கும். பெட்டி ஏறும்போது அவை இறங்கும், இறங்கும்போது ஏறும். சுவருக்குள் நடக்கிற காரியம், யார் கண்ணிலும் படாது. பெட்டியை எடை கூட்டினால் கட்டையையும் கூட்ட வேண்டும். இதை விளக்கலாமா என்று யோசித்துவிட்டு, லிஃப்ட்காரர் மின்சாரத்தை அணைத்து 'பழுது' என்ற பலகையை மாட்டினார்.

"அந்தப் பக்கம் எடை ஏத்தணும். கட்டை கம்பெனியிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் படிதான்."

"இந்தப் பக்கம் பணக்காரத் தரை போட்டு கனம் கூட்டிட்டா, அந்தப் பக்கம் கொறைக்கத்தானே சார் செய்வீங்க?"

"கூட்டணும்."

அப்போது மகள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். அப்பாவின் கருவிப்பையைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தாள்.

"அப்பா, இனிமே என் செலவெல்லாம் இந்த அங்கிள்தானாமே?"

"பேசிட்டிருக்கோம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் அவர்தானா?"

கேட்டதில் வருத்தமெல்லாம் இல்லை. பள்ளிக்கூட அட்டவணை மாறியதா என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். டைல்ஸ்காரர் தம் செருப்பைப் பார்த்தார். லிஃப்ட்காரர் பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனாலும் திருத்தினார்.

நீதிமன்றத்தின் சமரச அறையில் நான்கு நாற்காலிகளும், கீச்சிடும் மின்விசிறி ஒன்றும் இருந்தன. லிஃப்ட்காரர், மகளின் அம்மா, டைல்ஸ்காரர் மூவரும் உட்கார, சமரச அதிகாரியம்மா மனுவைப் புரட்டினார்.

"இந்தம்மாவோட புதுக் கணவர் வசதியானவர்ங்கறதால உங்க கடமை தீந்துடாது. அவர் சம்பாத்தியம் அவரோடது. பொண்ணுக்கு அப்பா நீங்கதானே?"

"ஆமா." அன்றைக்கு அவர் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"அதனால நிறுத்த முடியாது. ஆனா அவரே மனசார ஏத்துக்கறார். அம்மாவும் சம்மதிச்சா, பேருக்கு ஒரு தொகையா கொறைச்சு எழுதிக்கலாம். என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் மின்விசிறியைப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தது. கேட்டுவந்தது கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்தத் தொகையை அனுப்பும் நாளில் எப்போதும் எரிச்சலாக இருக்கும். எரிச்சலோடு மகளின் நினைப்பும் வரும். இரண்டில் ஒன்றை மட்டும் நிறுத்த முடியுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க வேணா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க மேடம்," என்றாள் மகளின் அம்மா. "இவரு வாயத் தொறக்க நேரமாகும். எத்தன வருஷம் பாத்திருக்கேன்."

"மனுவத் திரும்ப எடுத்துக்கறேன்," என்றார் லிஃப்ட்காரர்.

அதிகாரியம்மா மனுவை மூடினார்.

"கொறைக்கவும் வேணாமா?"

"வேணாம். பழைய தொகையே இருக்கட்டும். முடிஞ்சப்ப கூட்டிக் குடுக்கறேன்."

மகளின் அம்மா முதன்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

"காரணம் எழுதணும். என்ன காரணம்?"

"தரைய மாத்திட்டாங்க."

அதிகாரியம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, 'சொந்தக் காரணம்' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் டைல்ஸ்காரர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க, நல்லதுக்குத்தான் சொன்னேன். அது போகட்டும், அந்த லிஃப்ட்... அஞ்சு மாடி ஏறி எறங்கி முட்டி கழண்டு போச்சு."

"கட்டை வந்தாச்சு."

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிடுறீங்களா?"

"திங்கக்கிழமை வர்றேன்," என்றார் லிஃப்ட்காரர். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு."