மிச்ச ஸ்க்ரூ

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் நைசாக அரைக்க மறுத்தது. எண் வளையத்தைத் திருகி ஒன்றில் வைத்தாலும் தூள் ரவை ரவையாகத்தான் விழுந்தது. அதிலிருந்து இறங்கிய காப்பி, அத்தையின், அதாவது என் மாமியாரின், வார்த்தையில், "டம்ளர் கழுவின தண்ணி."

என் வீட்டுக்காரருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவரைப் பொறுத்தவரை கெட்டுப்போன எந்தப் பொருளும் மாற்றப்பட வேண்டியதுதான். "சாயங்காலம் புதுசு ஆர்டர் போட்டுடறேன்" என்றார்.

"அதுக்குள்ள நான் திறந்து பாக்கறேன்."

"எத்தனை ஸ்க்ரூ மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

(விளக்கம்: முன்பொரு முறை நான் அயர்ன் பாக்ஸைப் பிரித்து மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. அயர்ன் பாக்ஸ் இன்றுவரை நன்றாகவே சுடுகிறது. ஆனால் வீட்டில் என் பெயர் 'மிச்ச ஸ்க்ரூ' என்றாகிவிட்டது. கதவுக் கைப்பிடி ஆடினால்கூட என்னைத் தொட விடமாட்டார்கள். எனக்கு அது வலித்தது, சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சாயங்காலத்துக்குள் மெஷின் நைசாக அரைக்க வேண்டும், அதுவும் என் கையால். கதை இவ்வளவுதான்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

மெக்கானிக் உள்ளே வந்தபோது அவர் காதோரம் ஒரு பென்சில் செருகியிருந்தது. மெஷினை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து

நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டுக்கு எந்த மெக்கானிக்கும் வரவில்லை. இவர் எங்கிருந்து முளைத்தார்?

நல்ல பாத்திரம்தான், குறை சொல்ல முடியாது. பேச்சு குறைவு, பென்சில் வேறு. மெஷினைச் சரிசெய்தது ஒரு மெக்கானிக் என்றால் நீங்கள் மறுபேச்சில்லாமல் நம்புவீர்கள். கதை எழுதுகிற ஒருத்தி என்றால், "அது எப்படி?" என்பீர்கள். அந்த வசதிக்காக, முந்தின நாள்தான் கிடைத்த என் வெற்றியை முகம் தெரியாத ஆளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

3

நடந்தது இது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்பாகத்தைக் கழற்றினேன். உள்ளே பல் வைத்த இரண்டு எஃகு வளையங்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் மாட்டும் கொட்டைதான் தூளாகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். இடுக்கில் இறுகியிருந்த பழைய தூளை ஹேர்பின்னால் சுரண்டினேன். மூடி, அரைத்தேன். ரவை. கொட்டையை மாற்றினேன். அதே ரவை.

[இங்கே தோல்வியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக வந்திருந்தது, எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.]

மேசைக்கு எதிர்ப்பக்கம் அத்தை புதுப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தார். "டாக்டர் எல்லாம் சரியா இருக்குங்கறாரு. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கிட்ட வரவே மாட்டேங்குது. எதைக் கடிச்சாலும் முழுசு முழுசா உள்ள போகுது."

நான் அத்தையைப் பார்த்தேன். மெஷினைப் பார்த்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை."

"எதுக்கு? நீயும் சரியா இருக்குன்னு சொல்லவா?"

ப்ளக்கை மறுபடி பிடுங்கி, எண்ணை ஒன்றில் வைத்து, கீழ்வளையத்தைக் கையால் சுற்றிக் காதைக் கொடுத்தேன். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் துளிகூட இல்லை. பல் தேயத் தேய இடைவெளி கூடியிருக்கிறது, எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்று ஒன்று, ஒன்று என்று சாதித்துக்கொண்டிருக்கிறது.

எண் வளையத்துக்கு அடியில் மூன்று ஸ்க்ரூ. தளர்த்திக் கழற்றினேன். மேல்வளையத்தைப் பழைய எல்லையைத் தாண்டி இறக்கினேன். கிர்ர். ஒரு மயிரிழை பின்னால் திருப்பினேன், சத்தம் நின்றது. அந்த இடத்துக்கு 'ஒன்று' வரும்படி எண் வளையத்தை வைத்து முடுக்கினேன்.

ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் மெஷினின் குரலே மாறியிருந்தது. தூளைக் கிள்ளி விரலில் தேய்த்தேன். முகப் பவுடர்தான். ரேகைக்குள் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது. காப்பி நூலாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. வாசனை அடுத்த அறைக்குப் போய் என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தது.

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார், விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார்.

"மூணு கழட்டினேன். மூணும் உள்ள இருக்கு" என்றேன்.

"ஒண்ணுகூட மிஞ்சலையா?" குரலில் லேசான ஏமாற்றம். எந்தப் புத்தகத்தை எழுதி முடித்தபோதும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

4

இதுவரை எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன்.

"மெக்கானிக்கையே வச்சுக்கோயேன். படிக்கறவங்களுக்கு நம்பற மாதிரி இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

அத்தைக்குச் சுருக்கென்றது. "ஏண்டா, பல்லு என்னுது, கை அவளுது. நடுவுல இவன் யாரு?"

வழக்கு முடிந்தது.

5

முடிவுக்கு வருவோம். முதல் டம்ளரை அத்தையிடம்தான் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் போனை எடுத்துப் பார்த்தார், ஆர்டர் போடாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தை சொன்னது என்ன? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் என்னை நானே புகழ்ந்துகொள்வதுபோல் இருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தாராளமாகவே எழுதலாம்.

நான் கதையை மூடி, முடுக்கிவிட்டேன். இந்த முறை ஒன்று மிஞ்சத்தான் செய்தது. காதோரம் பென்சிலோடு ஒரு மெக்கானிக், மேசைமேல் சும்மா கிடக்கிறார். அவர் இல்லாமலே நன்றாக ஓடுகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.