ஆள்காட்டி விரல் வித்தை

பட்டறையில் இரும்பு கடையும் கடைசல்காரர் தன் வீட்டுக் கூடத்தின் நீளத்தை மூன்று தடவை அளந்தார். வித்தை காட்ட அவர் நிற்குமிடத்திலிருந்து முதல் வரிசைப் பிள்ளைகள் ஏழடி தள்ளி உட்கார வேண்டும். ஜன்னல் அவருடைய முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். இதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், புதிதாய்ப் பழகிய இடக்கை எழுத்தில், எண் போட்டு எழுதி வைத்திருந்தார்.

மகளுக்கு எட்டு வயது நிறையப்போகிறது. வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். தோழி ஒருத்தியின் பிறந்தநாளில் மேஜிக் பார்த்துவிட்டு வந்து, "எனக்கும் மேஜிக் வேணும்மா" என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்பதில்லை.

பட்டறையில் அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் போனதிலிருந்துதான் அப்படி. அடிக்கணு மட்டும் மிச்சம். அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் சிட்டு அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். முழுக் கையும் அவளுக்கு வேண்டாம், அந்த ஒரு விரல் போதும். விபத்து நடந்த அன்று காலையிலும் பள்ளி வாசலில் இரண்டு கையாலும் அதில் தொங்கிக்கொண்டு, விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "விடுடி கழுதை, விரலைக் கழட்டி எடுத்துடுவ போலிருக்கே!" என்று சிரித்துக்கொண்டே உருவிக்கொண்டு வேலைக்கு ஓடினார். மத்தியானம் கடைசல் இயந்திரம் அந்த விரலை இழுத்துக்கொண்டது.

இப்போது அவள் புத்தகப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். பிடிக்கக் கை மிச்சமில்லை. அவர் இடப்பக்கம் வந்து நடந்தும் பார்த்தார். அவள் பையை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைக்குத் தன் கையைப் பார்த்தால் அருவருப்பு என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவிலிருந்து பிறந்ததுதான் இந்த வித்தை. கட்டுப் பிரித்த வாரம், அடிக்கணுவின் சுற்றளவை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டார். எந்த இயந்திரம் விரலை எடுத்ததோ அதே இயந்திரத்தில், சாப்பாட்டு இடைவேளையில், ஒரு மரத்துண்டைக் கடைந்து உள்ளே குடைந்தார். இடக்கை விரலைப் பார்த்து நீளம், மடிப்பு, நகம் எல்லாம் செதுக்கினார். போட்டுப் பார்த்தால் கச்சிதம். வண்ணம் பூச, பெயர்ப்பலகை எழுதும் மைத்துனனிடம் கொடுத்தார்.

அவன் அதை ஐந்து வாரம் வைத்திருந்தான். "மாமா, உங்க நிறத்துக்குக் கலவை போடறதுக்குள்ள என் பாடு திண்டாட்டமாப் போச்சு. இனிமே வெயில்ல அலையாதீங்க, கை ஒரு நிறம், விரல் ஒரு நிறம்னு ஆயிடும்!"

அதுவரை காகிதக் குழாயை மாட்டிக்கொண்டு ஒத்திகை நடந்தது. இரண்டு கையும் காலி என்று காட்ட வேண்டும். இடக்கையை மூடி, அதற்குள் வலக்கை விரலை நுழைத்து, பொய் விரலை உள்ளே விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குள் சுருட்டி வைத்த மஞ்சள் கைக்குட்டையை உருவி விரிக்க வேண்டும். எல்லாரும் துணியைப் பார்க்கும்போது விரலை மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

"மிட்டாய் திருடின பய மாதிரி முழிக்கறீங்க மாமா. கையைப் பாக்காதீங்க, எங்களைப் பாருங்க" என்றான் மைத்துனன்.

கைக்குட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. மேஜிக் முடிஞ்சதும் அந்த விரலைக் கழட்டி வச்சுடுவீங்களா?"

அவர் நோட்டைப் புரட்டினார்.

"மறுநாள் ஸ்கூலுக்குப் போறப்பவும் போட்டுக்கிட்டுத்தான் போவீங்க, இல்ல?"

"அவ புடிச்சுக்கட்டுமேன்னுதான்."

"மரத்தையா?"

அவர் காகிதக் குழாயை மறுபடி மாட்டிக்கொண்டார். தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

பிறந்தநாளன்று காலையில்தான் விரல் வந்து சேர்ந்தது. மரம் என்றால் பார்த்தவர் கண்ணே நம்பாது, அத்தனை அசல். போட்டுப் பார்த்தார். ஒரு நூல் அளவு தளர்வாக இருந்ததுபோல் பட்டது. கணக்கு தப்ப வழியில்லை, வெர்னியர் பொய் சொல்லாது, பதற்றத்தில் நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் இரும்போடு பழகின மனிதர். கடைந்து வைத்த இரும்பு வைத்த அளவில் இருக்கும். கட்டுப் பிரித்த நர்ஸ், "வீக்கம் வத்த இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்று சொன்னது அவர் நோட்டில் ஏறவே இல்லை.

மாலையில் பதினோரு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். சிட்டு நடுவில், புதுச் சட்டையில். கிழித்த காகிதம் ஒட்டிக்கொண்டது, பிள்ளைகள் கை தட்டினார்கள். கிண்ணத்துக்குள் வைத்த பந்து காணாமல் போனது, ஒருத்தி எழுந்து வந்து கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். சிட்டு மட்டும் பந்தையும் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் பார்க்கவில்லை. அப்பாவின் வலக்கை விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வித்தை. "நல்லா பாத்துக்கங்க, ரெண்டு கையும் காலி!" என்று கையை ஒரு வீசு வீசினார்.

விரல் பறந்தது. தரையில் தட்டி, உருண்டு, பாயின் ஓரத்தில் போய் நின்றது. அதன் வாயிலிருந்து மஞ்சள் துணி கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ஐயோ, விரலு கழண்டுருச்சு!" என்று கிண்ணத்தை முகர்ந்தவள் கத்தினாள். பிள்ளைகள் காலை இழுத்துக்கொண்டார்கள். மைத்துனன் எழுந்தான், மனைவி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

சிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் இழுக்கலப்பா" என்றாள். "இந்தத் தடவ நான் தொடவே இல்லப்பா. சத்தியமா."

கடைசல்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பள்ளி வாசலில் தான் சொன்னது, சிரித்துக்கொண்டே சொன்னது, சொல் சொல்லாகக் காதில் வந்து விழுந்தது. இத்தனை நாளும் புத்தகப் பையை அணைத்திருந்த அந்த இரண்டு சின்னக் கைகளும் எதற்காக அப்படி இருந்தன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வாம்மா."

அவள் வரவில்லை.

"அன்னிக்கு அப்பா சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நீ இழுத்ததால ஒண்ணும் ஆகல. மெஷினை நிறுத்தாம கையை விட்டேன். அது அப்பா செஞ்ச தப்பு."

"லூசாயிருந்துச்சுல்ல? நான் இழுத்ததுல லூசாயி..."

"இல்ல."

"எப்படித் தெரியும்?"

அவர் மர விரலை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, வலக்கையை அவள் முன்னால் நீட்டினார். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டார். அடிக்கணு மட்டும் தனியாக நின்றது, தையல் தழும்போடு, சிவந்து, சின்னதாய்.

"இழுத்துப் பாரு."

"வேணாம்பா."

"அன்னிக்கு இழுத்த மாதிரி இழு."

சிட்டு ஒரு கையை முன்னால் கொண்டுவந்தாள். இரண்டு விரலால் தொட்டாள். பிறகு உள்ளங்கையால் மூடினாள். லேசாக இழுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மற்ற கையையும் கொண்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, மொத்த பலத்தோடும் இழுத்தாள். இன்னும் முழுசாய் ஆறாத தழும்பு சுரீரென்றது. அவர் முகத்தை அசைக்கவில்லை.

"வரல" என்றாள்.

"வராது."

அவள் விடவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.