தலையணைக்கு அடியில் இரும்பு

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் சிவசக்தி என் கையைப் பிடித்து இழுத்து, "ஒங்க கத்திய குடுத்துட்டுப் போங்க" என்றாள். பிள்ளை பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை, இரண்டு கிலோ எழுநூறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான ஆறு வருடத்தில் என் கத்திகளைப் பற்றி அவள் ஒரு நாளும் மரியாதையாகப் பேசியதில்லை.

குடி, சீட்டு எதுவும் எனக்குக் கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம் பழைய பேனாக்கத்திதான். பதுளைச் சந்தையில் பழைய இரும்பு பரப்பி வைத்திருக்கும் ஹபீஸ் நானா, வெள்ளைக்காரன் காலத்துக் கத்தி ஏதாவது அகப்பட்டால் எனக்கென்று எடுத்து வைப்பார். அப்படிச் சேர்ந்ததில் இரண்டு எப்போதும் என்னோடு இருக்கும். வலது பையில் மான்கொம்புப் பிடி போட்டது. பெரிய அலகின் அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் தேய்ந்து, முதல் எழுத்து மட்டும் மிச்சம். இடது பையில் செடிகளை ஒட்டுக்கட்டுகிற, அலகு வளைந்த ஒட்டுக்கத்தி. மடுல்சீமையில் எங்கள் தோட்டத்துத் தவறணையில் எனக்கு வேலை. ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் தண்டை வெட்டி, மண் நிரப்பிய பைகளில் நட்டு, தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். தோட்டத்தில் கொடுக்கிற கத்தி தண்டை நசுக்கிவிடும். நசுங்கியது வேர் பிடிக்காது. என் கத்தியால் வெட்டியது அநேகமாகப் பிடித்துவிடும் என்று கணக்கப்பிள்ளையே ஒத்துக்கொள்வார். வேலை முடிந்தாலும் கத்திக்கு ஓய்வில்லை. உரமூட்டைக் கயிறு, பாக்கு, காலில் ஒட்டிய அட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது மருந்துப் போத்தல் மூடி இறுகிப்போனால்கூட "கத்திக்காரர் எங்க?" என்றுதான் தேடுவார்கள். "தூக்கத்துல பொண்டாட்டி பக்கத்துல இருக்காளான்னு பாக்க மாட்டீங்க, கத்தி இருக்கான்னு மட்டும் தடவிப் பாப்பீங்க" என்பாள் சிவசக்தி.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை பெற்றவள் பக்கத்தில் முப்பது நாளைக்கு இரும்பு இருக்க வேண்டும், அப்போதுதான் காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். லயத்தில் என்றால் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற நீளக் கத்தியைப் பாய்க்கு அடியில் செருகிவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள், கவ்வாத்து மலைக்கு ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாய்க்கு அடியில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். மறுநாளும் போனேன்; திரும்பி வந்தும் கத்தியைப் பாய்க்கு அடியில் வைக்க மறந்துபோனேன். பதினோராம் நாள் விடியும்போது பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சிவசக்தி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

ஆகவே மான்கொம்புக் கத்தியை மடித்து, கைக்குட்டையில் சுற்றி, அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

"மிஸ்ஸிமாருங்க பாத்தா ஏசுவாங்க" என்றேன், வார்ட்டு நர்ஸுகளைக் காட்டி.

"நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

அப்போதும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பால் கொடுக்கும்போதும் அழுகை, பிள்ளை தூங்கும்போது அதன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டும் அழுகை. பயம்தான், வேறொன்றுமில்லை. அது எனக்குத் தெரியும் என்பதால் ஊருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் பஸ் மெதுவாகத்தான் வந்தது. நான் வார்ட்டுக்குப் போய்ச் சேரப் பகலாகிவிட்டது. சிவசக்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தொட்டில் காலியாக இருந்தது.

"பிள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள். "விரிப்பு மாத்த வந்தவங்க கத்தியப் பாத்துட்டாங்க. 'பிஹிய, பிஹிய'ன்னு ஒரே சத்தம். கத்தியத்தான் சொல்றாங்கன்னு வெளங்குச்சு. எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்குச் சொல்லத் தெரியல. காத்துக் கருப்புக்கு சிங்களத்துல என்னன்னு சொல்றது? அழுதேன். நான் அழ அழ அவங்க இன்னும் பயந்துட்டாங்க."

டொக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். டொக்டர் கமலாம்பிகை யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வாயிலிருந்து தமிழ் வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். பின்னால் வாசலில் ஒரு மிஸ்ஸி நின்றார்.

"கத்தி ஆருடையது?"

"என்னோடதுதாங்க. நான்தான் குடுத்தேன்."

"ஏன் குடுத்தனீங்கள்?"

"சம்சாரம் கேட்டுச்சுங்க."

"அழுதுகொண்டிருந்த மனிசி கத்தி கேட்டவ. நீங்களும் குடுத்தனீங்கள்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் காதில் விழும்போது அது வேறு யாருடைய கதையோ போல இருந்தது. நான் அவசர அவசரமாக இரும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு விளங்குது. எங்கட பக்கத்திலயும் சில ஆக்கள் வைக்கிறவை. ஆனா நீங்கள் சொல்லுறதை மட்டும் வைச்சு நான் பிள்ளையைக் குடுக்கேலாது." கிளினிக் அட்டையைத் திருப்பினார். "முதல் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"பதினோராம் நாள் எறந்துருச்சுங்க."

"என்ன காரணம்?"

"தெரியாதுங்க. விடிய பாத்தோம், மூச்சு இல்ல."

"ஆரோட படுத்திருந்தது?"

"அம்மாகிட்டதாங்க."

பேனா மறுபடி மேலே எழும்பியது. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். அவர் எழுதப் போவது சிவசக்தியின் தலையில் போய் விழும் என்ற பயத்தில், அதைத் தடுப்பதாக நினைத்துப் பேசினேன்.

"அவ மேல தப்பில்லைங்க. அன்னிக்கிப் பாய்க்கடியில கத்தி இல்ல, நான் எடுத்துட்டுப் போயிட்டேன். அதனாலதான் இந்தத் தடவ கேட்டுச்சு. இது அன்னாடம் கூடவே வச்சிருக்கிற சாமான்தாங்க. இந்தா பாருங்களேன்…"

இடது பையிலிருந்து ஒட்டுக்கத்தியை எடுத்து, எப்போதும் போலப் பெருவிரலால் அலகைத் திறந்தேன். சத்தியமாக யோசித்துச் செய்ததில்லை. என் கை தினமும் செய்கிற வேலை அது. டொக்டரின் நாற்காலி சுவரில் போய் இடித்தது. வாசலில் நின்ற மிஸ்ஸி கத்தினார். செக்யூரிட்டி ஓடி வந்து என் தோளைப் பிடித்தான்.

"அதை மேசையில வையுங்கோ" என்றார் டொக்டர். குரல் நடுங்கியது. என்னைப் பார்த்து ஒருவர் நடுங்குவதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

செக்யூரிட்டி என்னை வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு டொக்டரே வெளியே வந்து, கையெட்டாத தூரத்தில் நின்று, ஒவ்வொன்றாக விளக்கினார். மனநல டொக்டர் வியாழக்கிழமைதான் வருவார். அதுவரை பிள்ளை வேறு அறையில் இருக்கும். தாய்ப்பாலைக் கோப்பையில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் பிள்ளை சிவசக்தியின் கைக்கு வரும். இல்லாவிட்டால் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்துக்கு எழுத வேண்டிவரும். நான் வார்ட்டுக்குள் வரக்கூடாது. அன்று திங்கட்கிழமை.

"பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போறேங்க."

"இண்டைக்கு வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திரும்பிக் கெஞ்சியிருக்கலாம். இரக்கத்தோடு சொன்னார். அதற்கு மேல் என்ன பேசுவது?

கட்டடத்தின் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிகளுக்குக் கீழே போய் நின்றேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை, நின்றும் ஒரு பிரயோசனமில்லை. வெகு நேரம் கழித்து மேல்மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் சிவசக்தி வந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் மடித்துத் தாலாட்டுவதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். பிள்ளையைப் பார்த்தீர்களா என்கிறாள்.

தலையாட்டினேன்.

விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். குடிக்கிறதா?

அதற்கும் ஆமென்று தலையாட்டினேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்த பிறகு, அழாத அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். பிறகு தன் இடது மணிக்கட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, பதிலுக்காக நின்றாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு, இன்னும் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று, மறுபடியும் அதே வட்டத்தைப் போட்டாள்.

நான் அதற்கும் ஆமென்று தலையாட்டினேன்.